புள்ளிக் கணக்கும் பல்கலைக்கழக வாயிலும்

உயர்ந்த பல்கலைக்கழகங்களில் இடம் குறைவு, நாடுவோர் மிகுதி. ஆகவே அவற்றின் வாயிலில் காவல் இருப்பது இயல்பே. வந்து நிற்கும் பலருள் யாரை உள்ளே விடுவது என்னும் வினாவுக்கு இக்காலம் கண்டுள்ள எளிய விடை, எண். ஒரு மாணவன் பல ஆண்டுகளாகப் பெற்ற புள்ளிகளையெல்லாம் கூட்டி, வகுத்து, ஒரே எண்ணாகச் சுருக்கி, அவ்வெண்ணின் வரிசைப்படி ஆள்களை நிறுத்திவிட்டால் காவலனின் வேலை எளிதாகிவிடுகிறது. எண்ணில் உயர்ந்தவன் தகுதியுடையவன். தாழ்ந்தவன் திரும்பிச் செல்லவேண்டியவன். இதில் ஐயத்துக்கு இடமேது என்று கேட்போர் பலர்.

ஆயினும், எண்ணில் தாழ்ந்த மாணவரும் அவ்வாயிலைத் தட்டியிருக்கின்றனர். சிற்சில காலங்களில் வாயில் அவர்களுக்குத் திறந்தும் இருக்கிறது. எப்போது திறந்தது, யார் திறந்தார், எக்காரணத்தால் திறந்தார் என்பவற்றை வரலாறு விரிவாகப் பதிவு செய்து வைத்துள்ள நாடு அமெரிக்கா. நம் மாணவர்களுள்ளும் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடுவோர் உளர். அவ்வரலாற்றை அறிவது அவர்களுக்கும், அவர்களுக்குப் புள்ளி இடும் ஆசிரியர்க்கும் பயன் தருவதாகும்.

எண் பிறந்த கதை

மாணவரை எண்ணால் அளக்கும் வழக்கம் கல்வியோடு உடன்பிறந்த ஒன்றன்று. அமெரிக்காவில் அதற்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று 1785ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது யேல் கல்லூரியின் தலைவராக இருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ் என்பார் 58 மாணவரைச் சோதித்து, அவர்களை இலத்தீன் பெயர்கள் கொண்ட நான்கு வகுப்பினராகப் பிரித்துத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒவ்வொரு கல்லூரியும் தன் மனம் போனவாறு அளந்தது. 1897ஆம் ஆண்டில் மவுண்ட் ஹோலியோக் என்னும் மகளிர் கல்லூரி, விழுக்காட்டுப் புள்ளிகளை ஏ, பி, சி முதலிய எழுத்துகளோடு இணைத்து வழங்கலாயிற்று. நாளடைவில் அவ்வெழுத்துகள் மீண்டும் எண்களாயின. ஏ என்றால் நான்கு, பி என்றால் மூன்று, சி என்றால் இரண்டு, டி என்றால் ஒன்று, தோல்வியென்றால் சுழி. இவற்றின் சராசரியே ஜி.பி.ஏ. என இன்று எங்கும் வழங்கும் புள்ளிச் சராசரி.

இவ்வளவுகோல் எத்துணை உறுதியானது? 1912ஆம் ஆண்டில் ஸ்டார்ச், எலியட் என்னும் ஆய்வாளர் இருவர் இதனைச் சோதித்துப் பார்த்தனர். இரண்டு மாணவர் எழுதிய ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்துப் பல உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தித் தருமாறு வேண்டினர். 142 ஆசிரியர் திருத்தி அனுப்பினர். ஒரே தாளுக்கு ஒருவர் 64 புள்ளி இட்டார். மற்றொருவர் 98 இட்டார். இன்னொரு தாளுக்கு 50 முதல் 97 வரை புள்ளிகள் வந்தன. மொழிப்பாடம் ஆதலால் இவ்வேறுபாடு நேர்ந்தது என்று சிலர் கூறினர். அடுத்த ஆண்டே வடிவகணித விடைத்தாள் ஒன்றை அவர்கள் அவ்வாறே அனுப்பினர். ஒன்றும் ஒன்றும் இரண்டென்று சொல்லும் கணிதத்திலும் 28 புள்ளி இட்டவர் உண்டு. 90க்கு மேல் இட்டவரும் உண்டு. எழுதியவன் ஒருவன், எழுதியது ஒன்று, மாறியது திருத்தியவர் கை மட்டுமே.

இதனால் புள்ளிகள் பயனற்றவை என்று முடிவு கட்டுதல் பிழையாகும். ஓர் ஆசிரியரின் ஒரு தாள் தவறலாம். பல ஆசிரியர் பல ஆண்டுகள் இட்ட புள்ளிகளின் சராசரி அத்துணை எளிதில் தவறுவதில்லை. போவன், சிங்கோஸ், மெக்ஃபர்சன் என்னும் மூவர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பட்டப் படிப்பை ஒருவர் முடிப்பாரா என்பதனை நுழைவுச் சோதனையைவிடப் பள்ளிப் புள்ளிச் சராசரியே நன்கு காட்டுகிறது என்று நிறுவியது. நாள்தோறும் வகுப்புக்கு வருதல், வீட்டுப்பாடம் முடித்தல், விழுந்தால் எழுந்து நிற்றல் ஆகிய பழக்கங்கள் அவ்வெண்ணுள் அடங்கியிருப்பதே அதற்குக் காரணம் எனலாம். ஆகவே எண் ஒரு சான்று; நல்ல சான்றும் ஆகும். ஆனால் அது ஒன்றே சான்றாகுமா என்பதே வரலாறு முழுவதும் எழுந்துவரும் வினா.

பழைய வாயில்

1636ஆம் ஆண்டில் தோன்றிய ஹார்வர்ட், தன்னிடம் வந்த இளைஞரிடம் இலத்தீனும் கிரேக்கமும் எதிர்பார்த்தது. அம்மொழிகளைக் கற்பித்த பள்ளிகள் சில. அவற்றிற் படித்தோர் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே தேர்வு நடத்திற்று. 1871ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகம் புதுவழி ஒன்றைக் கண்டது. தான் நேரிற் பார்வையிட்டு ஏற்றுக்கொண்ட பள்ளிகளில் தேறிய மாணவரைத் தேர்வின்றியே சேர்த்துக்கொண்டது. பள்ளியின் சொல்லைப் பல்கலைக்கழகம் நம்பிய முதற்படி இது.

1900ஆம் ஆண்டில் கிழக்குக் கரையைச் சேர்ந்த கல்லூரிகள் சில ஒன்றுகூடிக் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியத்தை அமைத்தன. 1901 ஜூன் திங்களில் நடைபெற்ற அதன் முதல் தேர்வை எழுதியோர் 973 பேர். ஒரு நாட்டின் நுழைவுத் தேர்வு முறை இச்சிறு கூட்டத்தோடு தொடங்கியது வியப்பே. அக்காலத்தில் தேறியவர்க்கெல்லாம் இடம் இருந்தது. சில பாடங்களில் தவறியவரையும், பின்னர் அவற்றைத் தேறவேண்டும் என்னும் நிபந்தனையோடு ஹார்வர்ட் போன்ற கல்லூரிகள் சேர்த்துக்கொண்டன. எனவே புள்ளி குறைந்தவன் புகழ்பெற்ற கல்லூரியில் நுழைவது அன்று அரிய செயலன்று. அவன் எக்குடியிற் பிறந்தான் என்பதே பெரிதாயிருந்தது.

நற்பண்பு என்னும் திரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறிற்று. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அகதிகளாகவும் ஏழைகளாகவும் குடியேறிய யூதர்களின் பிள்ளைகள் நகரப் பள்ளிகளில் ஊக்கத்தோடு படித்து நுழைவுத் தேர்வில் முன்னின்றனர். 1900ஆம் ஆண்டில் ஹார்வர்ட் மாணவருள் 7 விழுக்காட்டினராக இருந்த யூதர், 1922ஆம் ஆண்டில் 21 விழுக்காட்டைத் தாண்டினர். இதனைக் கண்டு அப்பல்கலைக்கழகத் தலைவர் லோவெல் கலங்கினார். யூத மாணவர் தொகையை 15 விழுக்காட்டில் நிறுத்தவேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே கூறினார். எதிர்ப்பு எழுந்தது. ஆசிரியர் குழு ஒன்று ஆராய்ந்து, 1923ஆம் ஆண்டில் அத்தகைய வரம்பை ஏற்க மறுத்தது.

வெளிப்படையாகச் செய்ய இயலாததனை வேறு வழியிற் செய்வது அதிகாரத்தின் இயல்பு. 1922ஆம் ஆண்டிலேயே விண்ணப்பத் தாளில் புதிய கேள்விகள் இடம்பெற்றன. விண்ணப்பிப்பவரின் இனம் என்ன, சமயம் என்ன, தாயின் கன்னிப்பெயர் என்ன, தந்தை பிறந்த ஊர் எது, குடும்பப் பெயர் எப்போதேனும் மாற்றப்பட்டதா என அவை வினவின. 1926ஆம் ஆண்டில் முதலாண்டு மாணவர் தொகை 1,000 என வரையறுக்கப்பட்டது. புகைப்படம் கட்டாயமாயிற்று. தேர்வுப் புள்ளியோடு நற்பண்பு, ஆளுமை ஆகியவையும் பார்க்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நற்பண்பு என்பது கேட்பதற்கு இனிய சொல். அளப்பதற்கோ கோல் இல்லாத பொருள். 27 விழுக்காட்டை எட்டியிருந்த யூத மாணவர் தொகை சில ஆண்டுகளில் 15 விழுக்காட்டளவில் வந்து நின்றது. லோவெல் கேட்ட எண் அதுவே.

யேல், பிரின்ஸ்டன் முதலிய பல்கலைக்கழகங்களும் இவ்வழியே சென்றன. பழைய மாணவரின் பிள்ளைகளுக்குத் தனிச்சலுகை அளிக்கும் வழக்கமும் அவ்வாண்டுகளில்தான் வேரூன்றிற்று. 'மாணவனை முழு மனிதனாகப் பார்க்கிறோம். புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை' என்று இன்று பெருமையோடு கூறப்படும் கொள்கையின் பிறப்பு இது. புள்ளி குறைந்தவன் மீது இரக்கங்கொண்டு அக்கொள்கையை எவரும் வகுக்கவில்லை. புள்ளி மிகுந்தவனைத் தடுக்கவே வகுத்தனர். இவ்வுண்மையை மறந்து இவ்வரலாற்றைப் படிப்போர் ஏமாறுவர்.

போர்வீரர் தந்த விடை

1926ஆம் ஆண்டிலேயே மற்றொரு கருவியும் பிறந்தது. பிரின்ஸ்டன் பேராசிரியர் கார்ல் பிரிகம், முதல் உலகப் போரில் படைவீரர்க்கு வைக்கப்பட்ட அறிவுச் சோதனையைத் தழுவி, எஸ்.ஏ.டி. எனப்படும் சோதனையை வகுத்தார். அவ்வாண்டு ஜூன் 23ஆம் நாள் அதனை எழுதியோர் 8,040 பேர். இனங்களின் அறிவு பிறப்பால் வேறுபடும் என்று முன்பு எழுதியிருந்த பிரிகம், 1930ஆம் ஆண்டில் அக்கருத்தைத் தாமே மறுத்து எழுதினார். கருவி மட்டும் நிலைத்துவிட்டது. 1933ஆம் ஆண்டில் ஹார்வர்ட் தலைவரான கோனன்ட், கிழக்குக் கரைச் செல்வர் பள்ளிகளுக்கு அப்பாலும் அறிவுடையார் இருப்பர் என்று கருதினார்; அவர்களைக் கண்டெடுக்கும் பணியை ஹென்றி சான்சி முதலியோரிடம் ஒப்படைத்தார். 1934ஆம் ஆண்டில் தொடங்கிய உதவித்தொகைக்கு எஸ்.ஏ.டி. சோதனையே துணையாயிற்று. பள்ளியின் பெயர் தெரியாத ஊரிலிருந்து வந்த மாணவனுக்கு அச்சோதனை ஒரு சாட்சி போல் நின்றது.

ஆனால், எண்ணின் மீது இருந்த நம்பிக்கையை மெய்யாகவே அசைத்தவர்கள் பேராசிரியர் அல்லர், போர்வீரர். 1944 ஜூன் 22ஆம் நாள் நிறைவேறிய சட்டம், போரிலிருந்து திரும்பியோர் கல்லூரியிற் படிக்கும் செலவை அரசே ஏற்க வழி செய்தது. பள்ளியை முடிக்காமலே படையிற் சேர்ந்தோர்க்கு, 1942ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்றுவந்த ஜி.இ.டி. என்னும் ஈடான தகுதித் தேர்வு கைகொடுத்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் கல்வி சீரழியும் என்று எச்சரித்தார். கோனன்டும், தகுதி உடையாரையும் இல்லாரையும் இச்சட்டம் பிரித்துப் பார்க்கவில்லையே என்று வருந்தினார்.

நடந்தது வேறு. ஏறத்தாழ 22 லட்சம் வீரர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கற்றனர். 1947ஆம் ஆண்டில் கல்லூரி மாணவருள் ஏறக்குறையப் பாதிப் பேர் முன்னாள் வீரராக இருந்தனர். குடும்பச் சுமையோடும், கூடாரங்களிலும் தற்காலிகக் கொட்டகைகளிலும் தங்கி அவர்கள் படித்தனர். 1951ஆம் ஆண்டில் வெளிவந்த ஃப்ரெடெரிக்சன், ஷ்ரேடர் ஆகியோரின் ஆய்வு, முன்னிருந்த தகுதியைக் கொண்டு எதிர்பார்த்ததைவிட வீரர்கள் சற்றுச் சிறப்பாகவே படித்தனர் என்று காட்டிற்று. கோனன்ட் தம் ஐயத்தை விட்டு அவ்வீரரை வாயாரப் பாராட்டினார். பதினேழு வயதில் ஒருவன் பெற்ற புள்ளி அவனுடைய இருபத்தைந்தாம் வயதைச் சொல்லிவிடாது என்பது இதனால் வெளிப்பட்டது. இதிலும் குறை உண்டு. தென் மாநிலங்களில் கறுப்பின வீரர் பலர்க்கு இச்சட்டத்தின் பயன் மறுக்கப்பட்டது. வெள்ளையர் கல்லூரிகளின் கதவுகள் அவர்களுக்கு மூடியே இருந்தன.

இரண்டாம் வாயில்

போர்வீரர் காட்டிய பாடத்தை ஒழுங்குமுறையாக்கிய மாநிலம் கலிபோர்னியா. அங்கு 1960ஆம் ஆண்டில் உயர்கல்விப் பெருந்திட்டம் ஒன்று சட்டமாயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் அதன் முதன்மைச் சிற்பி. மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவருள் மேல் எட்டில் ஒரு பங்கினர்க்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். மேல் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மாநிலக் கல்லூரிகள். ஏனையோர் அனைவர்க்கும் இளநிலைக் கல்லூரிகள் எனப் பகுக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது மாணவரை மூன்று சாதியாகப் பிரித்தது போல் தோன்றும். திட்டத்தின் உயிர்நாடி வேறிடத்தில் இருந்தது.

இளநிலைக் கல்லூரியில் ஈராண்டு படித்தவன் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேரலாம். பள்ளியிற் புள்ளி குறைந்து தகுதி இழந்தவனும், அக்கல்லூரியில் நான்குக்கு 2.4 என்னும் சராசரி பெற்றுவிட்டால் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியைப் பெறுவான். வருவோர்க்கு இடம் இருக்கவேண்டும் என்பதற்காக, மேல்வகுப்புகளில் 60 விழுக்காடும் கீழ்வகுப்புகளில் 40 விழுக்காடும் மாணவர் இருக்கவேண்டும் என்றும் வகுத்தனர். இன்று சமூகக் கல்லூரி எனப்படும் அவ்வாயிலின் வழியே, பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் முதலிய புகழ்பெற்ற வளாகங்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர்.

இதன் நுட்பம் கருதத் தக்கது. பழைய புள்ளியை மறந்துவிடுங்கள் என்று இத்திட்டம் எவரிடமும் கெஞ்சவில்லை. புதிய புள்ளியைக் கொண்டு பழைய புள்ளியை வெல்ல இடந்தந்தது. எனினும் 2.4 என்பது விண்ணப்பிக்கும் உரிமையே, இடத்துக்கு உறுதியன்று. போட்டி மிகுந்த வளாகங்களில் நுழைவோர் அதனினும் மிகுந்த சராசரி உடையோரே. சமூகக் கல்லூரியிற் சேர்ந்து பல்கலைக்கழகத்தை எட்டாமலே நின்றுவிடுவோரும் பலர். வாயில் திறந்திருத்தல் வேறு. வழி செவ்வையாயிருத்தல் வேறு.

பிழைகளைப் படித்த ஆசிரியை

உள்ளே விட்டபின் என்ன செய்வது என்னும் வினாவை நேர்முகமாகச் சந்தித்தது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம். அதன் பழம்பெரும் உறுப்பான சிட்டிக் கல்லூரி, கட்டணம் வாங்காமல், மிக உயர்ந்த புள்ளி பெற்றோரை மட்டுமே சேர்த்துவந்தது. கல்லூரியைச் சூழ்ந்திருந்த ஹார்லம் பகுதியின் கறுப்பினப் பிள்ளைகளோ உள்ளே அரியர். 1969ஆம் ஆண்டில் கறுப்பின மாணவரும் புவர்ட்டோ ரிக்கோ மாணவரும் போராடினர். 1970ஆம் ஆண்டில் நகரத்தின் உயர்நிலைப் பள்ளியிற் தேறிய ஒவ்வொருவர்க்கும் அப்பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உறுதியாயிற்று. சராசரி 80 பெற்றோர் அல்லது தம் வகுப்பின் மேற்பாதியில் நின்றோர் முதுநிலைக் கல்லூரிகளிற் சேரலாயினர். அவ்வாண்டு முதலாண்டில் ஏறத்தாழ 35,000 பேர் சேர்ந்தனர். முந்திய ஆண்டைவிட இது முக்கால் பங்கு மிகுதி.

தரம் தாழ்ந்தது என்னும் கூக்குரல் உடனே எழுந்தது. புதிய மாணவர் பலருக்கு ஒரு பத்தி ஆங்கிலம் பிழையின்றி எழுத வரவில்லை. சிட்டிக் கல்லூரியில் அடிப்படை எழுத்துப் பயிற்சியைப் பொறுப்பேற்று நடத்தியவர் மீனா ஷாக்னசி என்னும் ஆசிரியை. சிவப்பு மையால் அடித்துத் தள்ளுவதற்கு மாறாக, அவர் அப்பிழைகளைப் படித்தார். மாணவர் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைக் கூர்ந்து நோக்கினார். பிழைகள் மனம் போனவாறு விளைந்தவை அல்ல. ஒவ்வொரு பிழைக்குப் பின்னும் மாணவன் தானே வகுத்துக்கொண்ட ஒரு விதி இருக்கிறது. அவ்விதியைக் கண்டுபிடித்தால் பிழையைத் திருத்திவிடலாம் என்பது அவர் கண்ட முடிவு. 1977ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், மொழியாசிரியர் பயிற்சியில் நிலைபேறு பெற்ற நூல்களுள் ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் செய்த தொண்டின் பெருமையை மொழி கற்பிக்கும் ஆசிரியர் எவரும் எளிதில் உணர்வர். புள்ளி என்பது பிழைகளின் தொகையைச் சொல்லும். பிழையின் காரணத்தைச் சொல்லாது. காரணத்தைச் சொல்லவல்லவர் ஆசிரியர் ஒருவரே.

அத்திறந்த வாயில் நெடுநாள் அவ்வாறே நிற்கவில்லை. நகரத்தின் நிதி நெருக்கடியால் 1976ஆம் ஆண்டில் கட்டணம் வந்தது. 1999ஆம் ஆண்டில் முதுநிலைக் கல்லூரிகளிலிருந்து குறைதீர் வகுப்புகளை நீக்க முடிவாயிற்று. அச்சோதனை தோற்றதா, வென்றதா? அட்வெல், லாவின் என்னும் ஆய்வாளர் 1970 முதல் 1972 வரை சேர்ந்த பெண்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் தேடிச் சென்று வினவினர். பத்தில் ஏழு பேர் எப்படியோ ஒரு பட்டத்தை முடித்திருந்தனர். நான்கு ஆண்டுகளில் அன்று. வேலைக்கிடையே, பிள்ளைப்பேற்றுக்கிடையே, விட்டும் தொட்டும் முடித்திருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளின் கல்வியும் உயர்ந்திருந்தது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு, அவசரக் கணக்கு எடுப்போர்க்கு ஓர் அறிவுரை எனலாம்.

நீதிமன்றத்தில் புள்ளிகள்

புள்ளி குறைந்தோர்க்கு இடம் அளித்தால் புள்ளி மிகுந்தோர் இழக்கும் இடத்துக்கு என்ன நீதி? இவ்வினாவுக்கு 1978ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேவிஸ் நகரிலிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, 100 இடங்களுள் 16 இடங்களைச் சிறுபான்மையினர்க்கு ஒதுக்கியிருந்தது. இருமுறை விண்ணப்பித்தும் இடம் பெறாத ஆலன் பாக்கி என்பார் வழக்குத் தொடுத்தார். அவருடைய புள்ளிச் சராசரி 3.46. அவர் முதலில் விண்ணப்பித்த 1973ஆம் ஆண்டில் ஒதுக்கீட்டின்வழி நுழைந்தோரின் சராசரி 2.88. ஒதுக்கீடு செல்லாது என்றும், பாக்கியைச் சேர்க்கவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. ஆனால், பல கூறுகளுள் ஒன்றாக இனத்தையும் கருதலாம் என்று நீதிபதி பவல் எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய முன்மாதிரி ஹார்வர்டின் சேர்க்கை முறை. யூதரைத் தடுக்கப் பிறந்த 'முழு மனிதப் பார்வை', அரை நூற்றாண்டுக்குப் பின் கறுப்பினத்தார்க்குக் கதவு திறக்கும் கருவியாகப் போற்றப்பட்டது. 2023 ஜூன் 29ஆம் நாள், அதே ஹார்வர்ட் தொடர்பான வழக்கில், இனத்தைக் கருதும் அம்முறையையும் உச்ச நீதிமன்றம் விலக்கிற்று. விண்ணப்பதாரர் தம் வாழ்வில் இனத்தால் நேர்ந்த அனுபவத்தைத் தம் கட்டுரையில் எழுதத் தடையில்லை என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று.

இவ்வழக்கால் வெளிவந்த மற்றொரு செய்தி பலரைத் திடுக்கிடச் செய்தது. ஹார்வர்டில் இடம்பெற்ற வெள்ளை மாணவருள் 43 விழுக்காட்டினர், விளையாட்டு வீரராகவோ, பழைய மாணவரின் பிள்ளைகளாகவோ, நன்கொடையாளர் போன்றோரைச் சேர்ந்தோராகவோ, ஆசிரியர், பணியாளர் பிள்ளைகளாகவோ இருந்தனர் என்று பல்கலைக்கழகத்தின் தரவுகளை ஆராய்ந்தோர் கண்டனர். ஒரே சோதனைப் புள்ளி பெற்றிருந்தாலும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட மேல் ஒரு விழுக்காட்டுச் செல்வர் பிள்ளைக்கு இத்தகைய பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கும் வாய்ப்பு இருமடங்குக்கு மேல் என்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூறிற்று. 2019ஆம் ஆண்டில், பயிற்சியாளர்க்குக் கையூட்டுக் கொடுத்துப் பிள்ளைகளை நுழைத்த குற்றத்துக்காக ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டதனையும் உலகம் அறியும். புள்ளி குறைந்தவன் நுழைந்தான் என்று குற்றம் கூறுவோர், செல்வன் நுழைந்த புழைக்கடையையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை.

எண்ணுக்குத் துணையாவன

இன்று உயர்ந்த பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் புள்ளி சற்றுக் குறைந்த மாணவன் விண்ணப்பித்தால், அதனைப் படிப்போர் எவற்றை நோக்குவர்? கடினமான பாடங்களை எடுத்தானா, எளியவற்றை நாடினானா என்று நோக்குவர். புள்ளிகள் ஆண்டுக்கு ஆண்டு ஏறினவா, இறங்கினவா என்று நோக்குவர். அவன் படித்த பள்ளி எத்தகையது, வீட்டில் என்ன சுமை என்று வினவுவர். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைப் படிப்பர். இவை யாவும் எண்ணை அழிப்பவை அல்ல; எண்ணுக்குப் பொருள் உரைப்பவை. வெறும் சாக்குப்போக்கு எங்கும் எடுபடுவதில்லை.

அமெரிக்காவுக்கு அப்பால் இதற்கொரு சான்று தேடினால், தமிழர் அறிந்த சான்றே முன் நிற்கிறது. கணித மேதை இராமானுசன் 1904ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறி அதனை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. புள்ளிக் கணக்கின்படி அவர் கல்வி அதனோடு முடிந்தது. 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் தேர்வுப் புள்ளி ஒன்றும் பேசவில்லை, தேற்றங்கள் பேசின. அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அவருக்குத் திங்கள் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. 1914ஆம் ஆண்டில் டிரினிட்டிக் கல்லூரி அவரை ஏற்றது. 1916ஆம் ஆண்டில் ஆய்வின்வழிப் பட்டமும், 1918ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டி உறுப்பாண்மையும் வந்தன.

இராமானுசன் போன்றோர் நூற்றாண்டுக்கு ஒருவர். அவரைக் காட்டி எல்லா மாணவர்க்கும் நம்பிக்கை ஊட்டுதல் தகாது என்பர் சிலர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. ஆயின் இங்குக் கருதவேண்டுவது மேதைமை அன்று. வாயில் திறந்த முறை. எண்ணுக்கு ஈடாக வைக்கத்தக்க ஒரு செயல் அவர் கையில் இருந்தது. அதனைப் படித்துப் பார்க்கும் பொறுமையும் அறிவும் உடைய ஒருவர் அங்கு இருந்தார். விதியைச் சற்று நெகிழ்த்த ஒரு நிறுவனம் துணிந்தது. போர்வீரர் வரலாற்றிலும், கலிபோர்னியாவின் இரண்டாம் வாயிலிலும், ஷாக்னசியின் வகுப்பறையிலும் காணப்படுவன இம்மூன்றே. செயல் மாணவனுடையது, நெகிழ்வு நிறுவனத்தினுடையது, படித்துப் பார்க்கும் கடமை ஆசிரியருடையது.

முடிவுரை

புள்ளியைத் தாண்டிப் பார்த்தல் என்பது தன்னளவில் அறமும் அன்று, மறமும் அன்று. 1926ஆம் ஆண்டில் அது கதவை மூடிற்று. பின்னர் அதுவே சிலருக்குத் திறந்தது. யார் கையில், யார் பொருட்டு என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது. ஆகவே புள்ளி குறைந்த மாணவன், முழு மனிதப் பார்வை தன்னைக் காப்பாற்றும் என்று வாளா இருத்தல் கூடாது. பார்க்கத்தக்க ஒன்றைச் செய்து வைத்திருத்தல் வேண்டும். முதல் வாயில் மூடினால் இரண்டாம் வாயிலில் புதிய புள்ளி ஈட்டுதல் வேண்டும்.

ஆசிரியர்க்கு இவ்வரலாறு கூறுவது இன்னும் நெருக்கமானது. மலேசியாவில் 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின், தொடக்கப்பள்ளி மாணவனைப் பற்றி ஆசிரியர் தம் கையால் எழுதும் மதிப்பீட்டின் கனம் கூடியிருக்கிறது. அம்மதிப்பீட்டில் 'நன்று', 'முயற்சி தேவை' என்று இரு சொல்லில் எழுதி முடிப்பதும் எண் இடுவதும் ஒன்றே. அம்மாணவன் எதில் தடுமாறினான், ஏன் தடுமாறினான், எதில் யாரும் ஏவாமல் தானே முனைந்தான் என்று எழுதுவதே பரிந்துரை. ஒரே விடைத்தாளுக்கு 64 இட்டவரும் 98 இட்டவரும் ஆசிரியரே என்பதனை நினைவிற் கொண்டு எழுதுகோலை எடுக்கும் ஆசிரியர், தம் மாணவன் பின்னாளில் எவ்வாயிலில் நின்றாலும் அங்கு அவனுக்குத் துணை நிற்பார்.